பூச்சு இல்லாத பித்தளை

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் நாம் முதலில் தொடுவது கதவுக் கைப்பிடியை. இப்போதெல்லாம் அது பெரும்பாலும் எவர்சில்வர். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் அதில் ஒட்டிய கிருமிகள் நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதே இடத்தில் செம்போ பித்தளையோ இருந்தால் கதை வேறு.

ஈரம் பட்ட செம்பிலிருந்து மிக நுண்ணிய அளவில் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட செம்பு அணுக்கள், கசிகின்றன. அவை பாக்டீரியாவின் மேலுறையைப் பொத்தலாக்கும். உள்ளிருப்பது வெளியே ஒழுகும். பிறகு உள்ளே நுழைந்து டிஎன்ஏவையே சிதைக்கும். மருந்துக்கு அடங்காத கிருமி என்று மருத்துவர்களே அஞ்சும் எம்.ஆர்.எஸ்.ஏ.வும் இதற்குத் தப்புவதில்லை. செம்பு கலந்த உலோகப் பரப்புகள் 2 மணி நேரத்தில் 99.9 சதவீத பாக்டீரியாவைக் கொல்லும் என்று சொல்லி விற்க, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ல் அனுமதி கொடுத்தது. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தால் என்ற நிபந்தனையோடுதான். 2020-ல் கொரோனா கிருமியை வைத்துப் பார்த்தபோது, செம்பில் 4 மணி நேரத்துக்குப் பிறகு உயிருள்ள கிருமி தென்படவில்லை. பிளாஸ்டிக்கில் 3 நாள்வரை இருந்தது.

குளச்சல், முட்டம் பக்கம் இருக்கிறவர்கள் உடனே கேட்பார்கள்: "உப்புக்காத்துல ரெண்டே மாசத்துல கறுத்துப் போயிருமே?" கறுக்கட்டும். கறுத்த செம்பும் கிருமியைக் கொல்லும். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்தால்தான் வேலை நடக்காது, ஏனென்றால் கிருமி உலோகத்தைத் தொடவே தொடாது. எல்லோரும் பிடிக்கிற கைப்பிடியைப் பாருங்கள்: விரல் படுகிற இடம் மட்டும் தேய்ந்து மின்னும், ஓரமெல்லாம் அழுக்கேறிக் கிடக்கும். அந்த ஓரத்தைத்தான் தேய்க்க வேண்டும்.

செம்புக் குடத்துத் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் மட்டும் வேண்டாம். களிம்பு ஏறி வயிற்றைப் புரட்டும்.

பொது இடத்தில் செம்பு வைத்தால் மறுநாள் காலையில் இருக்குமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். விலையும் கூடுதல். அதனால் எல்லா இடத்திலும் வேண்டாம். நோயாளியின் கட்டில் கம்பி, குழாய்த் திருகு, வார்டுக் கதவு, இவை போதும். கை கழுவுவதை அதற்காக விட்டுவிட முடியாது.

வீடு கட்டுகிறவர்களுக்கு: சுத்தச் செம்புதான் வேண்டும் என்றில்லை. பாதிக்கு மேல் செம்பு கலந்த பித்தளையே போதும். ஆனால் கடையில் மங்காமல் மின்னுகிற கைப்பிடிகளில் பெரும்பாலும் லேக்கர் என்ற நிறமில்லாத மெருகைப் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சுக்கு மேலே கிருமி சுகமாக உட்கார்ந்திருக்கும். பூச்சு இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

வணக்கம்.