எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும்

தலைமையாசிரியர் அவர்களே, விளையாட்டு ஆசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

"எலும்பு ஒண்ணும் முறியலைங்க, எக்ஸ்ரே சுத்தமா இருக்கு." பிள்ளை கீழே விழுந்த அன்று இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் போதும், நமக்குப் போன உயிர் திரும்பி வந்துவிடும். ஆனால் அடி கழுத்திலோ முதுகிலோ பட்டிருந்தால், அந்த வார்த்தையை மட்டும் நம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு முதுகெலும்பில் பலத்த அடி பட்டால் பெரும்பாலும் எலும்பு உடையும், அல்லது விலகும். படத்தில் தெரிந்துவிடும். குழந்தையின் உடற்கட்டு வேறு. உடம்பைப் பார்க்கத் தலை பெரிது; கழுத்துத் தசைக்கு வலு போதாது; எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார்களும் தளர்வானவை. வேகமாக அடி விழும்போது எலும்புத் தொடர் இழுபட்டு நீண்டு, மறுபடி தன் இடத்துக்கே வந்துவிடும். உள்ளே ஓடும் நரம்புக் கட்டான தண்டுவடத்துக்கு அந்த நெகிழ்வு இல்லை. பச்சிளம் குழந்தையின் எலும்புத் தொடர் சுமார் 2 அங்குலம் வரை நீளும், தண்டுவடமோ கால் அங்குலம் நீண்டாலே அறுந்துவிடும் என்று பழைய ஆய்வு ஒன்று சொல்கிறது. எலும்பு தப்பிவிடும், வடம் மாட்டிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் தெரிவது எலும்புதானே!

இதற்கு 1982-இல் 'எக்ஸ்ரேயில் தெரியாத தண்டுவடக் காயம்' (SCIWORA) என்று தனிப் பெயர் கொடுத்தவர்கள் பாங், வில்பெர்ஜர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள். அவர்கள் பார்த்த 24 குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் கைகால் உடனே செயலிழக்கவில்லை. சிலருக்கு 4 நாள் கழித்துக்கூடச் செயலிழந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அடிபட்ட நேரத்தில் சற்று நேரம் மரத்துப்போனது, ஊசி குத்தியது, கைகால் வராததுபோல் இருந்தது. பிறகு சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் பிள்ளை அழுகையை நிறுத்தியதும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: விழுந்தபோது கையில், காலில் கரண்ட் அடித்த மாதிரி இருந்ததா? கொஞ்ச நேரமாவது கால் அசையவில்லையா? ஒண்ணுக்குப் போவதில் சிரமம் இருந்ததா? ஏதாவது ஒன்றுக்கு "ஆமாம், ஆனா இப்ப இல்லை" என்று தடுமாறினால், அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். தண்டுவடத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். காயம் உறுதியானால் கழுத்துப் பட்டையோ முதுகுப் பட்டையோ 12 வாரம் வரைகூடப் போடச் சொல்வார்கள். இரண்டாம் வாரமே பையன் ஓடப் பார்ப்பான், பாட்டியும் "பாவம், கழட்டிவிடு" என்பார். பாட்டி பேச்சைக் கேட்காத ஒரே சமயம் இதுவாக இருக்கட்டும்.

காரில் இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் பிள்ளைக்கு வயிற்றுக்கு ஏறிவிடும். கார் மோதினால் உடம்பு பெல்ட்டின் மேல் மடங்கி, இடுப்புக்கு மேலே முள்ளெலும்பு பிளக்கும், குடலும் கிழியலாம். வயிற்றின் குறுக்கே பெல்ட் தடம் கன்றியிருந்தால் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்குவதுதான் நம் ஊரில் பெரிய பிரச்சினை. மைதானத்தில் விழுந்தவனை ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடுகிறோம். வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். இன்னொன்று: சின்னப் பிள்ளையைத் தட்டையான பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்தால், பின்மண்டை பெரிதாக இருப்பதால் தலை முன்னுக்குத் தள்ளி, தாடை நெஞ்சை நோக்கிக் குனியும். கழுத்துக் காயத்துக்கு அது கெடுதல். தோளிலிருந்து இடுப்பு வரை மடித்த துண்டை விரித்து உடம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் கழுத்து நேராகும்.

சொன்னால் புரியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை யாராவது மேடைக்கு வா. பி.டி. சார், அந்த பெஞ்சையும் இரண்டு துண்டையும் கொண்டுவாருங்கள், செய்தே காட்டுகிறேன்.