களிம்பு நிறத்தில் ஒரு சந்தர்ப்பவாதி

வணக்கம் நேயர்களே. செம்புப் பாத்திரத்தைத் துலக்காமல் போட்டுவைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறும் அல்லவா? லத்தீனில் அந்தக் களிம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஒரு பாக்டீரியாவுக்குப் பெயர் வந்திருக்கிறது: சூடோமோனாஸ் ஏருஜினோசா. புண்ணுக்குக் கட்டிய துணி ஏன் நீலமும் பச்சையுமாகக் கறைபடுகிறது என்று தேடிப்போன பிரெஞ்சுக்காரர் கார்ல் ஜெசார், 1882-இல் இதைப் பிரித்தெடுத்தார்.

ஈரம் இருந்தால் போதும், எங்கும் பிழைத்துக்கொள்ளும். கைகழுவும் தொட்டியின் வடிகால், குழாய் முனை, ஏன், காய்ச்சி வடித்த தண்ணீரில்கூட. உடல் திடமாக இருப்பவரிடம் பெரும்பாலும் வாலாட்டாது. (ஒரு முனையில் நிஜமாகவே வால் உண்டு, நீந்துவது அதைக்கொண்டுதான்.) தீக்காயத்தில் தோல் இழந்தவர், வென்டிலேட்டரில் கிடப்பவர், புற்றுநோய் சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்துபோனவர் என்று எதிர்ப்பு சோர்ந்த இடம் பார்த்து நுழையும்.

சரி, ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பிடிப்பது? பாக்டீரியாக்களை வகைபிரிக்க உதவும் கிராம் சாயமேற்றினால் மெல்லிய சிவப்புக் கோல்களாகத் தெரியும். ஆனால் அப்படித் தெரிபவை ஏராளம். கிருமி வளர்க்கும் மெக்கான்கி தட்டில், அதிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைத் தொடாது; அதனால் குடலில் வாழும் ஈ.கோலையைப் போல இளஞ்சிவப்பாகாமல் வெளிறியே வளரும். அந்த வளர்ச்சியில் துளி எடுத்து ஆக்சிடேஸ் என்ற நொதி இருப்பதைக் காட்டும் தாளில் தேய்த்தால், பத்து எண்ணுவதற்குள் தாள் கருநீலமாகும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சில விநாடிகள் எனக்கு அலுத்ததில்லை.

அப்புறம் வாசனை. தட்டை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஆனாலும் மூடியைத் திறந்ததும் திராட்சை மணம் தானாக வந்து சேரும். கிருமி சுரக்கும் பயோசயனின் என்ற நிறமி தட்டிலுள்ள அகார் கூழுக்குள் ஊறி, தட்டையே நீலப்பச்சையாக்கிவிடும். பயோவெர்டின் என்ற இன்னொன்று புற ஊதா ஒளியில் மினுங்கும்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். சில வகைகள் நிறமியே சுரக்காது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவரின் நுரையீரலில் நெடுநாள் தங்கியது, கோழை போல வழவழவென்று வளர்ந்து ஆளே மாறியிருக்கும். அப்போது ஆக்சிடேஸும், 42 டிகிரி செல்சியஸிலும் வளர்கிற குணமும் கைகொடுக்கும். கிருமியின் புரதங்களை அளந்து அடையாளம் காட்டும் நிறை நிறமாலைக் கருவி இருக்கும் இடத்தில், தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டமான காலனியை வைத்தால் சில நிமிடங்களில் பெயர் கிடைத்துவிடும்.

பெயர் தெரிந்தாலும் மருத்துவர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி வேறு: "எந்த மருந்துக்குக் கேட்கும்?" உள்ளே வரும் மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைக்கிற கிருமி இது, சாதாரண ஆன்டிபயாடிக்குகள் பலவும் எடுபடாது. அதைச் சோதித்துச் சொல்ல, தட்டு இன்னும் ஒரு இரவு இன்குபேட்டரில் இருந்தாக வேண்டும்.