ஷொரனூரில் ஒரு நாள் இறங்குங்கள்

அவையோருக்கு வணக்கம். கோவையிலிருந்து கேரளா போகும்போது ஷொரனூர் ஸ்டேஷனில் டீ வாங்கிக் குடித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஊருக்குள் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒட்டப்பாலம் தாண்டியதும் இடது பக்கம் வருமே, அதுதான் பாரதப்புழை. நிளா என்று செல்லமாகச் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஷொரனூர்க் கரை பிரிட்டிஷ் மலபார். எதிர்க்கரை கொச்சி ராஜ்யம். சென்னையிலிருந்து வந்த ரயில் இந்தக் கரையோடு மேற்கே போய்விட்டது. கொச்சிக்கு ரயில் வேண்டுமென்றால் ஆற்றைக் கடந்து பாதை போட வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? அன்றைய மன்னர் ராமவர்மா, திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார். 1902-இல் கொச்சிக்கு ரயில் ஓடியது. சாமி யானை நெற்றியில் மின்னிய பொன் தண்டவாளமாக மாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஷொரனூரிலிருந்து பிரிகிற நிலம்பூர்க் கிளைப் பாதைக்கும் ஒரு கதை உண்டு. தேக்குக் காடுகளை நோக்கி 66 கிலோமீட்டர் போகிற அதை, இரண்டாம் உலகப் போரில் இரும்பு தேவைப்பட்டதால் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 1954-இல்தான் திரும்பவும் வந்தது.

சரி, பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போவோம். அங்கே செறுதுருத்தி. கவிஞர் வள்ளத்தோள், லாட்டரிச் சீட்டு விற்றெல்லாம் பணம் திரட்டி 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலம் இந்த ஊரில்தான் நிலைகொண்டது. காலையில் போனால் செண்டைச் சத்தம் உங்களை வரவேற்கும். கதகளிப் பிள்ளைகள் கண்ணை மட்டும் உருட்டிப் பழகுவதை நான் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆறு? அதைச் சொல்லத்தான் மனம் கனக்கிறது. கரையிலிருந்து கரைக்கு வெள்ளை மணலாக இருந்த இடம். லாரி லாரியாக அள்ளியதில் ஆற்றுப்படுகை இறங்கிவிட்டது. மணல் போன இடத்தில் புல்லும் புதரும் மண்டிக் கிடக்கின்றன. இரு கரையையும் இணைத்த பழைய கொச்சிப் பாலத்தில் ஒரு பகுதி 2011-இல் இடிந்து விழுந்தது. அது எங்கோ ஓர் அயலூர் ஆறு என்று நினைக்காதீர்கள். நம் ஆனைமலையில் பிறந்து, ஆழியாற்றுத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு போகிற ஆறுதான் அது.

அடுத்த முறை திருச்சூருக்கு டிக்கெட் எடுக்கும்போது, ஷொரனூருக்கு மட்டும் எடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். வெயில் தாழ்ந்ததும் புதிய பாலத்தில் நடந்து போய், நடுவில் நின்று கீழே பாருங்கள். கொச்சி ரயில் போகும் சத்தமும் கேட்கும்.