பீரோவுக்குள் இருந்த காது மிஷின்

நேயர்களுக்கு வணக்கம். அரசுப் பள்ளிகளில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு என்னென்ன உதவி உண்டு என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. நிலையத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

வட்டார வள மையம் என்றால் உங்களில் பலருக்குப் புரியாது, பி.ஆர்.சி. என்றால் வாத்தியார்களுக்குப் புரியும். பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கும். மருத்துவ முகாம், காது மிஷின், சக்கர நாற்காலி, இயன்முறைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் முதல் கதவு அதுதான். மாற்றுத்திறனாளிகளுக்காக 1995-இல் வந்த சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகை. எழுத்து, கணக்கு பிடிபடாமல் தவிக்கும் பிள்ளைகளும், அதாவது கற்றல் குறைபாடு உள்ளவர்களும், அதில் வந்துவிட்டார்கள்.

சட்டம் இருக்கட்டும். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு. முகாமில் காது மிஷின் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வகுப்புக்குப் போய்ப் பார்த்தால் காதில் ஒன்றும் இல்லை. "மறந்துட்டு வந்துட்டாளாம் மேடம்" என்றார் வகுப்பாசிரியர். அடுத்த வாரம் போனேன், அன்றைக்கும் மறதி. சரி என்று வீட்டுக்கே போனேன். அம்மா பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு கர்ச்சீப் முடிச்சை எடுத்தார். உள்ளே மிஷின், புதுசு மாதிரி.

"பொழுதன்னைக்கும் விசில் அடிக்குது டீச்சர். பசங்க கேலி பண்றாங்கன்னு அழுவுறா. தொலைஞ்சுபோனா நாங்க எங்க போயி வாங்குறது?"

அந்த அம்மாமேல் எனக்குக் கோபமே வரவில்லை. விசில் அடித்தது நிஜம். ஏன் அடிக்கிறது? படம் போட்டுக் காட்டினால் சுலபம், வானொலியில் முடியாது. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் 'கீ'யென்று கத்துமே, அதேதான். மிஷினை விட்டு வெளியே வரும் சத்தம், காது ஓட்டைக்கு அளவெடுத்துச் செய்த அச்சு வழியாக உள்ளே போக வேண்டும். பிள்ளை வளர்கிறது, காதும் வளர்கிறது, அச்சு மட்டும் வளருமா? லூசாகிவிடும். இடுக்கு வழியாகச் சத்தம் கசிந்து திரும்ப மிஷினில் இருக்கும் மைக்குக்கே போகும். உடனே விசில்.

மிஷின் கெட்டுப்போகவில்லை, அச்சுதான் சின்னதாகிவிட்டது. இதைப் போன இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், இன்னொரு தரம் சொல்கிறேன்: அச்சை மாற்ற வேண்டும். செருப்பு பத்தவில்லை என்றால் புதுசு வாங்குகிறோம் இல்லையா? சின்னப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களிலேயே மாற்ற வேண்டிவரும். முகாமில் கருவி கொடுப்பதைப் போட்டோ எடுப்பார்கள். அச்சு மாற்றுவதை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

பட்டன் பேட்டரியும் அப்படித்தான். ஸ்டிக்கரை உரித்தால் அன்றிலிருந்தே தீர ஆரம்பித்துவிடும், மிஷினைப் போட்டாலும் போடாவிட்டாலும். அந்த அம்மா ஒரு அட்டையில் இருந்த எல்லாவற்றையும் ஒரே நாளில் உரித்து வைத்திருந்தார், 'ரெடியா இருக்கட்டும்' என்று!

அந்தப் பெண்ணுக்குப் புது அச்சு வந்தது. முதல் நாள் மிஷினைப் போட்டதும் அவள் கேட்ட கேள்வி பாடத்தைப் பற்றியது அல்ல. "மேல என்ன டீச்சர் கரகரங்குது?" ஃபேன்! ஒரு வருஷமாக அதற்கு நேர் கீழேதான் உட்கார வைத்திருந்தார்கள். மிஷின் ஃபேன் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். முன் வரிசை ஓரத்துக்கு மாற்றினோம். வாத்தியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன், போர்டைப் பார்த்துப் பேசாதீர்கள் சார், அவள் உங்கள் உதட்டையும் படிக்கிறாள் என்று. அதற்குச் செலவு கிடையாது.

பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. சாப்பாட்டுத் தட்டைப் பிடிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, இதெல்லாமும் அதில் பாடம்தான். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள்.

வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பொதுத் தேர்வு. கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. குறைபாட்டைப் பொறுத்து மாறும். மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடாதீர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே சான்று வாங்கி வையுங்கள். கற்றல் குறைபாட்டுக்குச் சான்று எங்கே வாங்குவது என்றால்... ஒரு விரல்தான் தெரிகிறது. பி.ஆர்.சி.யில் கேளுங்கள், சொல்வார்கள். வணக்கம்.