மங்காயா தீவின் கல்லுக்குள் ஒரு பழைய வளிமண்டலம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மேசையின் மேல் நான் வைத்திருப்பது பசால்ட் என்னும் எரிமலைப் பாறையின் ஒரு துண்டு. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல்தான். ஆனால் வெளிச்சத்தில் சற்றுத் திருப்பிப் பார்த்தால், கறுப்பின் நடுவே பச்சைப்பயற்றின் நிறத்தில் சின்னஞ்சிறு மணிகள் மின்னுவது தெரியும். அவற்றுக்கு ஒலிவின் என்று பெயர். எரிமலைக் குழம்பு குளிரத் தொடங்கும்போது முதலில் உறையும் கனிமங்களில் ஒன்று அது. புவியின் ஆழத்துப் பாறையைப் பற்றி இன்று நான் சொல்ல வந்த செய்தியின் உயிர்நாடி இத்தகைய மணி ஒன்றுக்குள்தான் கிடைத்தது. ஆகவே, கூட்டம் முடிந்ததும் விரும்புவோர் முன்னே வந்து உருப்பெருக்கியின் வழியே இதைப் பார்த்துச் செல்ல வேண்டுகிறேன்.

புவியின் மேலோட்டுக்குக் கீழே, 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை நீள்வது கவசம். புவியின் பருமனில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அதுவே. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 12,262 மீட்டர் வரை துளையிட்டும் மேலோட்டைக் கடக்க முடியவில்லை. கவசம் முழுவதும் குழம்பாகக் கொதிக்கிறது என்று பலர் நினைப்பதுண்டு, அது பிழை. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல ஊர்ந்து புரளும் திண்மப் பாறை அது. மேலெழும் பகுதியில் அழுத்தம் குறையும்போது சிறு பங்கு மட்டும் உருகி, எரிமலையாக வெளிவருகிறது.

அந்த உருகல் கவசத்தின் நேர்ப்படி அன்று என்பதுதான் இங்குள்ள சிக்கல். பாறை உருகும்போது சில தனிமங்கள் குழம்புக்குள் ஓடிவிடுகின்றன, சில பின்தங்கிவிடுகின்றன. ஆகையால் எரிமலைப் பாறையின் வேதியியல் அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்பாறை எப்படியிருந்தது என்று சொல்வது கடினம். ஐசோடோப்புகள் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். ஒரே தனிமத்தின் அணுக்கள் நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடுவதை ஐசோடோப்பு என்கிறோம். ஸ்ட்ரான்சியம், காரீயம் போன்ற கனமான தனிமங்களில் இந்த வேறுபாட்டை உருகுதல் பொருட்படுத்துவதில்லை. 87 நிறையுள்ள ஸ்ட்ரான்சியமும் 86 நிறையுள்ளதும் ஒன்றாகவே குழம்புக்குள் வருகின்றன. காப்பிக்கொட்டையில் பீபெரியும் பிளான்டேஷனும் கலந்து அரைத்த தூளிலிருந்து டிகாக்ஷன் திடமாகவும் இறங்கலாம், நீர்த்தும் இறங்கலாம். ஆனாலும் எந்தக் கலவை என்பதை நாக்கு கண்டுகொள்கிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இனி காலம் செய்யும் வேலையைப் பார்ப்போம். ரூபிடியம்-87 ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டு அரை ஆயுட்காலத்தோடு சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. ரூபிடியம் குழம்பை நாடும் தனிமம். ஆகவே அது காலப்போக்கில் கண்ட மேலோட்டில் செறிந்து, கவசத்தில் குறைந்துவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் சென்றபின், கண்டப் பாறையில் ஸ்ட்ரான்சியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் உயர்ந்திருக்கும். கடலடியில் புவித்தட்டுகள் விலகும் நடுக்கடல் முகடுகளில் வெளிவரும் பசால்ட்டில் 0.702, 0.703 என்ற அளவிலேயே நிற்கும். 1964-இல் காஸ்ட், டில்டன், ஹெட்ஜ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் தென் அட்லாண்டிக்கின் அசென்ஷன், காஃப் தீவுகளின் எரிமலைப் பாறைகளை அளந்தபோது, ஸ்ட்ரான்சியத்திலும் காரீயத்திலும் இரண்டு தீவுகளும் வேறுபட்டு நின்றன. பெருங்கடல் தீவுகளைத் தேர்ந்தது கூர்மையான முடிவு என்று நான் கருதுகிறேன். அங்கே குழம்பு கண்ட மேலோட்டைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை, வழியில் கலப்படமாகிவிட்டது என்று எளிதில் தள்ளிவிட முடியாது. கவசம் ஒரே சீரான கலவை அன்று என்பது அன்றே தெரிந்தது.

வேறுபாடு எங்கிருந்து வந்தது? 1982-இல் ஹாஃப்மனும் வைட்டும் ஒரு விடை சொன்னார்கள்: கடற்தரை புவித்தட்டுகளோடு கவசத்துக்குள் அமிழ்கிறது; நெடுங்காலம் கழித்து அதுவே எழுந்து வந்து தீவுகளாகிறது. 2007-இல் வெளிவந்த ஆய்வின்படி, பசிபிக்கில் உள்ள சமோவாவின் சவாயி தீவின் கடலடிச் சரிவிலிருந்து வாரியெடுத்த எரிமலைப் பாறைகளில் ஸ்ட்ரான்சியம் விகிதம் 0.7205 வரை இருந்தது. கண்டத்திலிருந்து அரித்துச் செல்லப்பட்ட வண்டல் கடற்தரையோடு உள்ளே போய்த் திரும்பி வந்ததன் அடையாளம் அது.

என்றாலும் ஐயப்படுவோருக்கு இடம் இருந்தது. கவசத்துக்குள்ளேயே நிகழும் ஏதோ ஒரு மாற்றமும் இத்தகைய விகிதங்களைத் தரலாமே என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். மேற்பரப்பில் மட்டுமே உண்டாகக்கூடிய ஒரு முத்திரை தேவைப்பட்டது. அதைத் தந்தது பசிபிக்கின் குக் தீவுகளில் உள்ள மங்காயா.

கந்தகத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. சாதாரண வேதிவினைகளில் அவை நிறை வேறுபாட்டுக்கு ஏற்ற ஒழுங்கில் பிரிகின்றன. ஆனால் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் இல்லாதபோது, சூரியனின் புற ஊதாக்கதிர் கந்தக டைஆக்சைடைத் தாக்கிப் பிளக்கும். அப்போது அந்த ஒழுங்கு மீறப்பட்டு, கந்தகம்-33 இருக்க வேண்டிய அளவிலிருந்து விலகிவிடும். ஏறத்தாழ 245 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வண்டல் பாறைகளில் இந்த மீறல் பெரிதாகத் தெரிகிறது. ஆக்சிஜன் பெருகியபின் அது மறைந்துவிட்டது. மங்காயாவின் எரிமலைப் பாறைகளோ சுமார் 2 கோடி ஆண்டு வயதே உடையவை. வெளிப்பரப்பின் கந்தகம் வாயுவாகவும் மழையாலும் போய்விட்டிருந்தது. ஆனால் ஒலிவின் படிகம் வளரும்போது தனக்குள் சிறைப்பிடித்துக்கொண்ட சல்பைடு எனும் கந்தகச் சேர்மத் துகள்கள் அப்படியே இருந்தன. 2013-இல் ரீட்டா காப்ரல், மேத்யூ ஜாக்சன் ஆகியோரின் குழு அவற்றை அளந்தபோது அந்த மீறல் அவற்றில் இருந்தது. ஆக்சிஜன் இல்லாத வானத்தின் கீழ் விழுந்த கந்தகம் கடலடியில் படிந்து, தட்டோடு அமிழ்ந்து, இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் கவசத்தில் கரைந்து போகாமல் கிடந்து, மீண்டும் ஒரு தீவின் மேல் வெளிவந்திருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது நான் நெடுநேரம் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

இன்னும் பழையதும் உண்டு. ஹீலியம்-3 பெரும்பாலும் புவி உருவானபோதே சேர்ந்தது. ஹீலியம்-4 யுரேனியமும் தோரியமும் சிதைவதால் பெருகிக்கொண்டே போவது. ஹீலியம்-4-க்கு ஹீலியம்-3 எவ்வளவு என்ற விகிதம் நடுக்கடல் முகடுகளில் காற்றில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு. கனடாவின் பாஃபின் தீவுப் பாறைகளில் 50 மடங்கு வரை என 2003-இல் அளந்தார்கள். ஹாஃப்னியம்-182 எனும் ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் வெறும் 89 லட்சம் ஆண்டு; புவியின் முதல் 6 கோடி ஆண்டுகளுக்குள் அது ஏறக்குறைய முழுவதும் டங்ஸ்டன்-182 ஆகிவிட்டது. ஆகவே டங்ஸ்டனில் இன்று காணும் வேறுபாடு அந்தத் தொடக்கக் காலத்தின் எச்சமாகவே இருக்க முடியும். 2017-இல் ஹவாய், சமோவா எரிமலைப் பாறைகளில், ஹீலியம்-3 மிகுந்த இடங்களிலேயே டங்ஸ்டன்-182 குறைந்திருப்பது தெரிந்தது.

இதற்குப் பொருள் என்ன என்பதில் இன்றும் வழக்கு நடக்கிறது. கவசத்தின் அடியில் புவியின் குழந்தைப் பருவத்துப் பாறை கலவாமல் கிடக்கிறது என்பது ஒரு தரப்பு. புவியின் நடுவிலுள்ள உலோகக் கருவத்திலிருந்து சிறிது கசிகிறது என்பது மறுதரப்பு. கருவத்தில்தான் டங்ஸ்டன்-182 குறைவு. ருத்தேனியம் என்ற உலோகமோ பெரும்பகுதி அங்கேயே அடைந்து கிடக்கிறது. 2025-இல் ஹவாய்ப் பாறைகளில் ருத்தேனியம்-100 சற்றே மிகுந்திருப்பதாக வெளிவந்த அளவீடு இரண்டாம் தரப்புக்கு வலுச் சேர்க்கிறது. நானும் இப்போது அந்தப் பக்கமே சாய்கிறேன். ஆனால் கசிவு எந்த வழியில் நிகழ்கிறது, உலோகமே வருகிறதா, அல்லது எல்லையில் உள்ள பாறை கருவத்தோடு அணுக்களை மாற்றிக்கொண்டு வருகிறதா என்பது இன்னும் தீரவில்லை. அதைத் தீர்ப்பதற்கான சான்றும், அனேகமாக, இதைப் போன்ற பச்சை மணிகள் பதிந்த ஒரு கறுப்புக் கல்லிலிருந்துதான் வரும்.