படம் படிக்கத் தெரியாத ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம்.

"குழந்தைப் பாடல்களும் படப்புத்தகங்களும்: ஒரு வருங்கால ஆசிரியரின் வாசிப்பு" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வருங்கால ஆசிரியர் என்றால் இன்னும் ஆசிரியர் ஆகவில்லை என்று அர்த்தம். தப்புச் செய்ய இன்னும் சில மாதம் அனுமதி இருக்கிறது. அந்த அனுமதியை நான் ஏற்கெனவே தாராளமாகப் பயன்படுத்திவிட்டேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பயிற்சியில் சேர்ந்ததும் எங்களை ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாரம் ஒரு சிறுவர் பாடலோ படப்புத்தகமோ படித்து, மனதில் பட்டதை எழுத வேண்டும். நான் அடிஸ்கேலை எடுத்துக் கோடு போட்டு, பக்கத்துக்கு ஐந்து கட்டம் பிரித்தேன். தலைப்பு, ஆசிரியர், எந்த வகுப்புக்கு ஏற்றது, புதிய சொற்கள், மையக்கருத்து. மனதில் பட்டதை எழுதத்தான் கட்டமே இல்லை. அது அப்போது உறைக்கவும் இல்லை.

முதலில் எனக்குக் கிடைத்த புத்தகங்களில் ஒன்று பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோசிஸ் வாக்'. 1968இல் வந்தது. மொத்தப் புத்தகமும் ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் 32 சொற்கள். ரோசி என்ற கோழி உலாவப் புறப்படுகிறது. முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போர்மேல் ஏறி, மாவு ஆலையைத் தாண்டி, வேலிக்குள் புகுந்து, தேனீப் பெட்டிகளுக்கு அடியில் நடந்து, சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வீடு திரும்புகிறது. அவ்வளவுதான் கதை. தமிழில் சொல்வதற்காக வரிகளை மட்டும் ஒரு தாளில் பெயர்த்து எழுதிக்கொண்டேன். மையக்கருத்துக் கட்டத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? 'நேரம் தவறாமை.'

இப்போது சிரிப்பவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்தவர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கோழி கிளம்பும்போதே கூண்டுக்குக் கீழே ஒரு நரி பதுங்கியிருக்கிறது. புத்தகம் முழுக்க அது கோழியின் பின்னாலேயே வருகிறது. பாய்கிறது, வாருகோலை மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது. குளத்தில் விழுகிறது. வைக்கோலில் புதைகிறது. தலைமேல் மாவு கொட்டுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடியே போகிறது. 32 சொற்களில் 'நரி' என்ற சொல் ஒரு இடத்திலும் கிடையாது.

நான் படங்களைப் பார்க்காமல் இல்லை. நரியும் கண்ணில் பட்டது. ஏதோ அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கடந்துவிட்டேன். அப்புறம் வகுப்புக்குப் போய், தாளைப் பார்த்து வாசித்தேன். பிள்ளைகள் "டீச்சர், நரி! நரி!" என்று கத்தினார்கள். "பேசாமல் கதையைக் கேளுங்கள்" என்றேன். "கதையில் நரியே இல்லை" என்றுகூட ஒரு தடவை சொன்னதாக ஞாபகம். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை.

அந்த வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். கதை தெரியாத ஒரே ஆளும் நான்தான்.

ஏன் இப்படி ஆகிறது? எழுத்தைக் கற்க நாம் எல்லோருமே பாடுபட்டிருக்கிறோம். பாடுபட்டுக் கற்றது சும்மா இருக்குமா? பக்கத்தில் நாலு எழுத்து இருந்தால் கண் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. படித்து முடித்ததும் கை தானாகத் தாளைத் திருப்பிவிடுகிறது. குழந்தைக்கு அந்தப் பிடுங்கல் இல்லை. வாசிப்பதை நம் வாயிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு கண்ணையும் படத்துக்கே கொடுத்துவிடுகிறது. மூலையில் இருக்கும் தவளையை முதலில் பார்ப்பது ஏன் எப்போதும் குழந்தையாகவே இருக்கிறது என்பதற்கு வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

கோழிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், சொற்களைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. நரி பாய்கிற பக்கத்தில் அது அந்தரத்தில் நிற்கிறது. என்ன ஆயிற்று என்று தெரியத் தாளைத் திருப்ப வேண்டும். திருப்பினால் சொல்லே இல்லாத பக்கம், அதில் நரி அடிபட்டுக் கிடக்கிறது. ஆக, அந்த நகைச்சுவை சொல்லிலும் இல்லை, முழுக்கப் படத்திலும் இல்லை. தாள் புரளும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. நான் மொழிபெயர்த்துக் கொண்டுபோன தாளில் அதற்கு எங்கே இடம்?

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டின் மடங்குகளாக வருகின்றன, கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்த நெருக்கடிக்குள் நல்ல ஓவியர்கள் காட்டும் வித்தையைப் பார்க்க வேண்டும். மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' புத்தகத்தைத் தரையில் விரித்து வைத்துப் பாருங்கள். குறும்பு செய்த மாக்ஸ் அறைக்குள் அனுப்பப்படுகிறான். ஆரம்பத்தில் படங்கள் சின்னவை, சுற்றிலும் வெள்ளை விளிம்பு. அறைக்குள் காடு வளர வளரப் படமும் வளர்கிறது, விளிம்பைத் தின்கிறது, நடுமடிப்பைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குள் நுழைகிறது. கொடும் விலங்குகளோடு அவன் ஆட்டம் போடும்போது மூன்று இரட்டைப் பக்கங்களுக்கு ஒரு சொல்கூட இல்லை. படம் சொற்களை வெளியே தள்ளிவிட்டது. கோபம் தணிந்து வீடு திரும்பும்போது சொற்களும் திரும்பி வருகின்றன. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, ஐந்தே சொற்கள், சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்று.

இதை அந்த ஐந்து கட்டங்களில் எதில் எழுதுவது? 'கோபம் கொள்ளக் கூடாது' என்று எழுதலாம். எழுதவும் செய்தேன், அடித்தும் விட்டேன். அந்தப் புத்தகம் கோபப்படாதே என்று சொல்லவே இல்லை. கோபத்துக்கு மூன்று இரட்டைப் பக்கம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது.

சரி, பாட்டுக்கு வருவோம். படத்தையும் ஓசையையும் சேர்த்துப் பார்த்தவர் ஒருவர் 1658லேயே இருந்திருக்கிறார். கொமேனியுஸ் என்ற கல்வியாளர் அந்த ஆண்டு ஜெர்மனியின் நூரம்பர்க்கில் வெளியிட்ட படப் பாடநூலின் தொடக்கத்தில் எழுத்துகளை விலங்குகளின் குரலாகவே கொடுத்திருக்கிறார். காகம் கரைவது ஓர் எழுத்து, ஆட்டுக்குட்டி கத்துவது ஓர் எழுத்து. எழுத்தைக் கண்ணால் அறிவதற்கு முன்னால் காதும் தொண்டையும் அறிந்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு. பாட்டிலும் நான் செய்த தப்பு இதை மறந்ததுதான். படப்புத்தகத்தில் எழுத்தைப் பார்த்துப் படத்தை விட்டேன். பாட்டில் பொருளைப் பார்த்து ஓசையை விட்டேன்.

நரி என்றதும் இன்னொரு நரி நினைவுக்கு வருகிறது. 'ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி, கிழ நரி முதுகுல ஒரு முடி நரை முடி.' நாம் எல்லோரும் நாக்குப் புரளச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தது. இதற்குக் கீழே "இப்பாடலின் மையக்கருத்து யாது?" என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். முதுமை தவிர்க்க இயலாதது என்று பதில் எழுதவும் ஒருவர் கிடைப்பார். முதல் மாதத்து நானே எழுதியிருப்பேன்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் வெள்ளைப் பசு பாட்டு எல்லோருக்கும் தெரியும். அவரும் ஆசிரியராக இருந்தவர் என்பதால் எனக்கு அவரிடம் கொஞ்சம் உரிமை. என் குறிப்பேட்டில் அதற்கு நேரே 'தாயன்பு' என்று இருக்கிறது. தப்பில்லை. ஆனால் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அன்பு, பாசம், தாய்மை என்று ஒரு சொல்லும் உள்ளே கிடையாது. மேயுது, குதிக்குது, நக்குது, குடிக்குது என்று வினைகள்தான் ஓடுகின்றன. ஒரு வரி வெள்ளைப்பசு என்று முடிந்தால் அடுத்த வரி கன்றுக்குட்டி என்று முடிகிறது. பசு, கன்று, பசு, கன்று என்று நாக்கே அங்கும் இங்கும் போய் வருகிறது. வெள்ளைப்பசுவுக்குப் பின்னால், அடுத்த வரிக்கு முன்னால், ஒரு சொல் தனியாகத் தொங்கும். கடைசியில் அப்படித் தொங்குவது 'மடி'. அங்கே ஒரு கணம் மூச்சு நிற்கிறது. அடுத்த வரி 'முட்டி' என்று தொடங்குகிறது. மடி என்று நிறுத்தி முட்டி என்று தொடங்கும்போது, கன்று முட்டுவது நம் உதட்டிலேயே நடந்துவிடுகிறது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பாட்டைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் மட்டும் தலையை முன்னால் இடிக்கிற ஒரு பிள்ளையைப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன். "ஆடாமல் நின்று சொல்லு" என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். இந்தப் பயிற்சிக் காலத்தில் நான் செய்த நல்ல காரியம் எது என்று யாராவது கேட்டால் அந்த விழுங்கலைத்தான் சொல்வேன்.

ரஷ்யக் குழந்தைக் கவிஞர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி தன் மகளைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறார். இரண்டு வயது நிறையாத அந்தக் குழந்தை ஒரு நாள் ஓடி வந்து, நாய் 'மியாவ்' என்கிறது என்று அறிவித்துவிட்டுச் சிரித்ததாம். அவர் திருத்தவில்லை. தானும் சேர்ந்து தலைகீழாகச் சொல்லத் தொடங்கினார். நாய் குரைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அதைப் புரட்டிப் போட்டு விளையாட முடியும் என்பது அவர் கண்டது. அர்த்தமில்லாப் பாட்டைக் கண்டு பயப்படும் ஆசிரியர்கள் இதை யோசிக்கலாம். 'யானைக்கு இறக்கை கிடையாது' என்று குறுக்கே விளக்குவது, குழந்தைக்குத் தெரிந்ததையே அதற்குத் திரும்பச் சொல்வது.

அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் ரோசன்பிளாட் வாசிப்பை இரண்டாகப் பார்க்கச் சொன்னார். குழந்தை ஏதோ விஷத்தைக் குடித்துவிட்டது, தாய் பதறிப்போய்ப் புட்டியில் ஒட்டிய சீட்டை வாசிக்கிறாள். மாற்று மருந்து என்ன என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டும், நடையழகு அல்ல. இது எடுத்துக்கொண்டு போவதற்கான வாசிப்பு. வாசிக்கும்போதே என்ன நேர்கிறது என்று அதில் தங்கி நிற்பது இன்னொன்று. இரண்டும் தேவைதான். நான் வெள்ளைப் பசுவையும் கோழியையும் விஷப்புட்டிச் சீட்டைப்போல வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் வகுப்பில் கேள்வியே கேட்கக் கூடாதா? கேட்கலாம். ஏய்டன் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் நாலு கேள்வி சொல்லிக் கொடுத்திருக்கிறார். இதில் உனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது குழப்பியது, எதெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது. இவற்றில் எனக்கு மூன்றாவதுதான் பொக்கிஷம். அவர் இன்னொன்றும் சொல்கிறார், 'ஏன்?' என்று கேட்காதீர்கள், 'சொல்லு' என்று கேளுங்கள் என்று. செய்து பார்த்தேன். "ஏன் பிடிக்கவில்லை?" என்றால் பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல என் முகத்தைப் பார்க்கிறது. "பிடிக்கவில்லையா, சொல்லு" என்றால் பேசத் தொடங்குகிறது.

கோழிப் புத்தகத்தோடு அதே வகுப்புக்கு மறுபடியும் போனேன். இந்த முறை தாள் இல்லை. குழப்பியது எது என்று மட்டும் கேட்டேன். ஒரு சிறுமி, "கோழிக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றாள். பின்னால் நரி வருவது கோழிக்குத் தெரியுமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தெரியாது, அது திரும்பியே பார்க்கவில்லை என்று ஒரு கட்சி. எல்லாம் தெரிந்துதான் வேண்டுமென்றே அந்த வழியாகக் கூட்டிப் போகிறது, கண்ணைப் பாருங்கள் என்று இன்னொரு கட்சி. பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டிச் சாட்சி காட்டினார்கள். "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். யாரும் என்னைக் குறைவாகப் பார்த்ததாகத் தோன்றவில்லை. அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தில் கட்டம் எதுவும் போடவில்லை, அந்தச் சிறுமியின் கேள்வியை மட்டும் எழுதிவைத்தேன்.

நான் பேச வேண்டியது முடிந்துவிட்டது. ஒரு புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன், சொற்கள் இல்லாதது. பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் படம் தெரியாது. எழுந்து முன்னால் வாருங்கள், தரையில்தான் உட்கார வேண்டும். ஐயா, நீங்களும்தான். நெருங்கி உட்காருங்கள். அட்டையில் இருந்து ஆரம்பிக்கிறேன். யாருக்கு என்ன தெரிகிறது, சொல்லுங்கள்.