இன்றைய உடம்போடு மீண்டும் யோகத்துக்கு

(திருகோணமலையில் யோகம் பயில்வோரும் பயிற்றுவோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வருகை தந்திருக்கும் பெரியோர்களே, யோக ஆசிரியர்களே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

புதிதாக யோகம் பயில வருவோருக்குச் சொல்ல வேண்டியவற்றை நம் ஆசிரியர்கள் நன்றாகவே சொல்லி வருகிறார்கள். நான் இன்று பேச விரும்புவது, ஒரு காலத்தில் நாள்தோறும் பயின்று, பின்பு விட்டுவிட்டு, ஆண்டுகள் பல கழிந்த பிறகு மறுபடியும் தொடங்க எண்ணுகிறவர்களைப் பற்றி. இந்த மண்ணில் அத்தகையோர் பலர் இருக்கிறார்கள். போர்க்காலத்து இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, திருமணம், பிள்ளைப்பேறு, வெளிநாட்டு வேலை, படுக்கையில் விழுந்த பெற்றோரைப் பராமரித்தல், 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு, 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றே கழிந்த விடியற்காலைகள் என்று நம் வாழ்க்கை அறுபட்ட இடங்கள் எத்தனையோ. வாழ்க்கை அறுபட்டபோது பயிற்சியும் அறுபட்டது. அதைச் சோம்பல் என்று தீர்ப்பளித்து முடிப்பது நியாயமாகாது.

பழைய நூலே அப்படித் தீர்ப்பளிக்கவில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம், முதற்பாதத்தின் 30ஆவது சூத்திரத்தில், யோகத்துக்கு வரும் இடையூறுகளாக ஒன்பதை எண்ணுகிறது. நோய், மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலன்வழி நாட்டம், பிழைபட்ட காட்சி ஆகிய ஏழும் எவருக்கும் எளிதில் விளங்குபவை. எட்டாவது, எய்த வேண்டிய நிலையை எய்த முடியாமை. ஒன்பதாவது, எய்திய நிலையில் நிலைத்து நிற்க முடியாமை. பயிற்சியால் ஒரு நிலையை அடைந்தவரும் அதிலிருந்து நழுவக்கூடும் என்பதை நோயோடும் ஐயத்தோடும் ஒரே வரிசையில் வைத்து, இது வழியில் வரக்கூடியதுதான் என்று நூல் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. சோம்பலும் அந்தப் பட்டியலில் தனியாக இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நழுவுதலும் சோம்பலும் ஒன்றல்ல என்று நூல் பிரித்தே பார்க்கிறது.

அடுத்த சூத்திரம் எனக்கு இன்னும் நெருக்கமானது. இடையூறுகளோடு சேர்ந்து வருபவையாக அது நான்கைக் கூறுகிறது: துன்பம், மனத்தளர்ச்சி, அங்கங்களின் நடுக்கம், மூச்சின் ஒழுங்கின்மை. நெடுங்காலத்துக்குப் பின் பாயை விரித்து, ஒருகாலத்தில் இயல்பாக நின்ற ஆசனமொன்றில் நிற்க முயன்றவர் எவரும் இந்த நான்கையும் அந்த ஒரே காலைப் பொழுதில் உணர்ந்திருப்பார். தொடை நடுங்கும், மூச்சு சிதறும், ‘முன்பு இது எனக்கு ஒரு பொருட்டா’ என்ற எண்ணம் எழும், அதன் பின்னே துக்கம் வரும். பலர் இந்த இடத்தில்தான் இரண்டாவது முறையாக விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவது விலகல் முதலாவதைவிடக் கொடியது என்பது என் எண்ணம். முதலாவதற்குச் சூழ்நிலை காரணம். இரண்டாவதற்கு, தன் உடம்பின் மீது தனக்கே ஏற்பட்ட ஏமாற்றம் காரணம். இதற்கு மருந்தாக 32ஆவது சூத்திரம் சொல்வது மிகச் சுருக்கமானது: ஒன்றைப் பற்றிக்கொண்டு அதையே பயில்க.

இந்த ஏமாற்றம் ஏன் வருகிறது என்பதை உடலியல் வழியாகவும் பார்க்கலாம். ஆசனத்தில் கை எங்கே போகவேண்டும், பார்வை எங்கே நிற்கவேண்டும் என்ற அறிவு நரம்பு மண்டலத்தில் பதிந்தது; அது பல்லாண்டு கழித்தும் பெரிதாக மறைவதில்லை. தசையின் வலிமை பயிற்சி நின்ற சில கிழமைகளிலேயே குறையத் தொடங்குகிறது. ஆனால் மீண்டும் பயின்றால், முன்பு பயின்றவருக்கு அது ஓரளவு விரைவாகவே திரும்புகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும், எலும்பை எலும்போடு பிணைக்கும் இழைகளும் அப்படியல்ல. அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை மாதக்கணக்கில்தான் மாறும். ஆகவே திரும்பி வருகிறவரிடம் மூன்று வேகங்கள் ஒன்றாக இயங்குகின்றன: நினைவு முன்னே ஓடுகிறது, தசை நடந்து வருகிறது, நாண் தவழ்ந்து வருகிறது. முன்பு பயின்ற ஒருவர் மூன்றாவது கிழமையில் தோளையோ தொடையின் பின்புறத்தையோ நாரியையோ நோகவைத்துக்கொள்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். புதியவருக்கு இந்த ஆபத்து குறைவு, ஏனெனில் அவருக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்ற பழைய நினைவு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் மனத்தில் ‘யோகம்’ என்று பதிந்திருக்கும் படம் எங்கிருந்து வந்தது? இன்று உலகெங்கும் பயிலப்படும், மூச்சோடு இணைத்து ஓர் ஆசனத்திலிருந்து அடுத்த ஆசனத்துக்குத் தாவிச் செல்லும் கடினமான தொடர்ப்பயிற்சிகளில் பெரும்பகுதி, 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையில் உருப்பெற்றது. அங்கே அவரிடம் பயின்றவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களும் இளைஞர்களும். அவர்களுடைய உடம்புக்கும் வயதுக்கும் ஏற்றதாகவே அந்தப் பயிற்சி அமைந்தது. அதே கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்குக் குடிபெயர்ந்த பின், நோயாளரும் முதியவரும் குடும்பத்தாரும் தம்மிடம் வந்தபோது, ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் மூச்சுக்கும் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கொடுத்தார். 1888இல் பிறந்து 1989 வரை வாழ்ந்த அந்தப் பெரியவரின் நீண்ட வாழ்விலிருந்து மைசூரை மட்டும் எடுத்துக்கொண்டு சென்னையை விட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்பதைத் தாண்டித் திரும்பி வருகிறவருக்கு வேண்டியது சென்னைக் கிருஷ்ணமாச்சாரியார்.

அவருடைய மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார் 1970களின் இறுதியில், ஏறத்தாழ அறுபது வயதில், ஸ்கூட்டர் விபத்துகளில் காயமுற்றார். உலகுக்கே ஆசனம் கற்பித்தவர் எளிய ஆசனங்களிலிருந்து தம் பயிற்சியைப் பொறுமையாகத் திரும்பக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. அவருக்கே அப்படியென்றால், நமக்குக் கூச்சம் எதற்கு?

திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் சிறந்த ஆசனங்களை எண்ணும்போது, பத்மாசனத்தையும் வீராசனத்தையும் சொல்லும் அதே மூச்சில் சுகாசனத்தையும் சேர்க்கிறார். சும்மா கால்மடித்து நேராக அமர்வதும் உத்தமமான ஆசனங்களுள் ஒன்று. சம்பந்தர் பாடிய கோணமாமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இந்த மரபு அந்நியமானதல்ல. அதனால்தான், யோகம் என்றால் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் சுற்றுலா வந்தவர்கள் செய்வது என்று நம் பிள்ளைகள் சிலர் எண்ணுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? முதல் மாதத்துக்கு ஒரு மணி நேரம் வேண்டாம். நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும். கிழமைக்கு ஒருநாள் ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட இது மேலானது. இடைவிடாமையையும் நெடுங்காலத்தையும் மதிப்போடு பேணுதலையும் பதஞ்சலி கேட்கிறார். ஆசனத்தில் கடினத்தை அவர் கேட்கவில்லை. மூச்சைக் கவனித்தபடி சற்றே அமர்தல், முதுகெலும்பை முன்னும் பின்னும் பக்கங்களிலுமாக மெல்ல அசைத்தல், நின்று செய்யும் ஆசனம் ஒன்று, கடைசியில் மல்லாந்து அசையாமல் படுத்திருக்கும் சவாசனம். அவ்வளவுதான். கீழே அமர முழங்கால் இடம் கொடுக்காவிட்டால் கதிரையில் அமருங்கள். சீமெந்துத் தரையில் வழுக்கும் பாயை நம்பி நிற்கவேண்டாம். வெறும் தரையில் வெறுங்காலோடு நிற்பது உறுதியானது.

நம் ஊரின் காலநிலையையும் கணக்கில் எடுக்கவேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை இங்கே வெயிலும் வறண்ட காற்றும் கடுமை. எட்டு மணிக்கே உடல் களைத்துவிடும். விடியுமுன் எழுந்து செய்வதே அப்போது இயலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரைக்கும் மண்டபத்துக்கும் போவது தடைப்படும். ஆகையால் பயிற்சிக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் இருக்கட்டும். இதைப் பெண்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அடுப்படி வேலை தொடங்குமுன் கிடைக்கும் அந்தச் சிறு நேரத்தை வீட்டார் காத்துக்கொடுக்க வேண்டும். பிள்ளைக்குத் தேநீர் ஊற்றும் வேலையை அன்றைக்குத் தகப்பனார் செய்யட்டும்.

உடல்நலம் பற்றிச் சிலவற்றைச் சொல்லாமல் விடமுடியாது. விலகியிருந்த ஆண்டுகளில் உங்களுக்கு இரத்த அழுத்தமோ சீனி வருத்தமோ வந்திருக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கண்ணழுத்த நோய் உள்ளவர்களும் சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் நிலைகளைத் தவிர்க்கவேண்டும். மூச்சை அடக்கும் கும்பகமும் இரத்த அழுத்தக்காரருக்கு வேண்டாம். இன்சுலின் ஏற்றுபவரும் சீனிக் குளிசை போடுபவரும் வெறும் வயிற்றில் பயில்வதற்கு முன் மருத்துவரிடம் கேட்கவேண்டும், சீனி திடீரென இறங்கிவிடலாம். நீரிழிவுக்காரரிடம் தோள் இறுகிப்போதல் சாதாரணமாகக் காணப்படுவது. அந்தத் தோளை இழுத்து வளைப்பது தீங்கு. மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த பெண்கள் முதுகை வளைத்து ஆழமாக முன்குனிவதைக் கைவிடுவது நல்லது.

இனி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். திரும்பி வருகிறவரைப் புதியவரோடு அமர்த்தினால் அவருக்குச் சலிப்பு. பழையவரோடு நிறுத்தினால் அவருக்குக் காயம். அவரை என்ன ஆசனம் தெரியும் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டுகள் விலகியிருந்தீர்கள், அந்தக் காலத்தில் என்ன நோய், என்ன அறுவைச் சிகிச்சை, என்ன இழப்பு என்று தனியே இருத்திக் கேளுங்கள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று மட்டும் எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். மாதத்தில் ஒரு வகுப்பையாவது இவர்களுக்கென்றே ஒதுக்க முடியுமானால், அதற்கான இடத்தையும் நேரத்தையும் இன்றைக்கே, இந்த அவை கலைவதற்கு முன், நீங்கள் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.